25 கிலோ நிலக்கடலை, 4,250 ரூபாய், மூட்டைக்குள் பூஞ்சணம்

ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்குவதாகச் சொல்லும் ஓர் இயற்கை அங்காடி. பெயர் போட்டால் வேறு வம்பு. செக்கில் ஆட்ட 25 கிலோ நிலக்கடலைப் பருப்பு வாங்கினேன், 4,250 ரூபாய். கடைக்காரர் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். எல்லாம் பளபளவென்று திரண்ட பருப்பு. "புதுச் சரக்குக்கா, எங்க வீட்டுக்கும் இதுலதான் எடுக்கிறோம்" என்றார். அந்த 'எங்க வீட்டுக்கும்' போதாதா? பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

செக்குக்காரர் மூட்டையைக் கவிழ்த்தார். மேலே ஒரு சாண்தான் நல்ல பருப்பு. கீழே எல்லாம் சுருங்கிக் கறுத்தது. ஒன்றைப் பிளந்தால் நடுவில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள், நனைந்த சாக்கு வாடை. "இதை என் செக்குல போட மாட்டேம்மா" என்று தள்ளி வைத்துவிட்டார். அது பூஞ்சணம், நஞ்சு விடும். ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும், செக்கெண்ணெயில் அப்படி ஒரு வேலையே கிடையாது.

கடைக்குப் போன் போட்டால், "வெயில்ல காயப்போடுங்க." அப்புறம், "வறுத்தா சரியாயிடும்." எப்படிச் சரியாகும்? இந்தப் பூஞ்சணம் விடும் அஃப்ளாடாக்சின் வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அழியாது. கல்லீரல் புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியான நஞ்சு. 1974ல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அடுத்த யோசனை இன்னும் அழகு: "மாட்டுக்குப் போட்டுடுங்கக்கா." மாடு தின்றால் நஞ்சு உருமாறிப் பாலில் வரும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்திய விதியே இருக்கிறது. என் 4,250 ரூபாயைக் கேட்டதும் "பிரிச்ச மூட்டை வாபஸ் இல்ல, பில்லுலயே போட்டிருக்கு" என்று வைத்துவிட்டார். இப்போது போனையே எடுப்பதில்லை.

பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. மூட்டையின் அடியிலிருந்து அள்ளிக் காட்டச் சொல்லுங்கள். நாலைந்தைப் பிளந்து பாருங்கள். கசந்தால் உடனே துப்புங்கள். நிறம் மாறியதை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், பார்க்க நன்றாக இருக்கும் பருப்பிலும் நஞ்சு இருக்கலாம். பில்லைத் தொலைக்காதீர்கள். 4,250 ரூபாய்க்கான என் பில்லும் மாதிரிப் பொட்டலமும் நாளைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலகம் போகின்றன.