சீமென்ஸ் பெத்தேல்: பெயரின் பொருள் தெரிந்து பார்க்க வேண்டிய மாலுமிகள் ஆலயம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நியூ பெட்ஃபோர்டு துறைமுக நகரின் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்துக்கு எதிரே இருக்கிறது சீமென்ஸ் பெத்தேல். 1832-இல் மாலுமிகளுக்காகத் திறக்கப்பட்ட இந்த ஆலயத்தை அருங்காட்சியகத்தின் ஒட்டுப்பகுதிபோல் எண்ணி, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. என் மதிப்பீட்டில் அந்நகரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே; ஆனால் பெயரின் பொருளைத் தெரிந்துகொண்டு உள்ளே செல்ல வேண்டும்.

எபிரேயத்தில் ‘பெத்’ என்றால் வீடு, ‘ஏல்’ என்றால் கடவுள். பெத்லகேமின் முற்பகுதியும் இதே ‘பெத்’ தான். விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 28-ஆம் அதிகாரத்தில், அண்ணன் ஏசாவின் சினத்துக்குத் தப்பி வீட்டைவிட்டுப் புறப்பட்ட யாக்கோபு, வழியில் பொழுது சாய்ந்துவிட, ஒரு கல்லைத் தலைக்கு வைத்து வெட்டவெளியில் படுக்கிறான். வானத்தைத் தொடும் ஏணியைக் கனவில் கண்டு விழித்ததும், அக்கல்லையே தூணாக நிறுத்தி எண்ணெய் வார்த்து, லூஸ் என்று வழங்கிய அவ்விடத்துக்குப் பெத்தேல் எனப் பெயரிடுகிறான். அங்கே சுவரோ கூரையோ இல்லை. வழிப்போக்கன் ஒருவன் தலைசாய்த்த இடமே கடவுளின் வீடாகிறது.

ஆண்டுக்கணக்கில் கடலில் அலைந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்றே சொல்வேன். 1817-இல் தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களில், வழிபாடு நடப்பதை அறிவிக்கப் ‘பெத்தேல்’ என்று எழுதிய கொடியை ஏற்றத் தொடங்கினார்கள். அதன் பின்னர் மாலுமிகளின் ஆலயங்களுக்கு அது பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது.

உள்ளே மனத்தை நிறுத்துபவை சுவர்களில் பதித்த நினைவுக் கற்கள். கடலில் மாண்டு, உடல் கரை சேராதவர்களுக்காக அவரவர் உறவினரும் உடன் பயணித்தவர்களும் வைத்தவை. வில்லியம் ஸ்வெயின் என்ற கப்பல் தலைவரின் கல், எறியீட்டி பாய்ந்த திமிங்கிலம் இழுத்த கயிற்றோடு அவர் கடலுக்குள் போய் 1844-இல் மூழ்கியதை, அப்போது அவருக்கு நடந்தது 49-ஆம் வயது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கல்லறைக்கு வழியில்லாத இடத்தில் ஒரு கல்லை நிறுத்துவது யாக்கோபின் செயலோடு எவ்வளவு நெருக்கமானது என்பதை அதன் முன் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

கப்பலின் முகப்பு வடிவிலான பிரசங்க மேடையைச் சுற்றியே கூட்டம் நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் ‘மோபி டிக்’ என்ற திமிங்கில வேட்டை நாவலில் கற்பனை செய்த மேடையைத் தேடி வந்தவர்களுக்காக 1961-இல் அமைக்கப்பட்டது அது, அழகானதுதான், பழமையானதன்று. மெல்வில் அமர்ந்ததாகக் குறித்துள்ள இருக்கையும் உண்டு. இரண்டுக்கும் முன்பாகச் சுவர்க் கற்களை நிதானமாக ஒரு சுற்று படித்துவிடுங்கள். அருங்காட்சியகத்தை அதற்குப் பிறகு பார்த்தால், அங்குள்ள எறியீட்டிகளும் கயிறுகளும் எப்படிப்பட்டவர்களின் கைகளில் இருந்தவை என்று அறிந்தே பார்ப்பீர்கள்.