பழைய வண்டிக்கு விட்வொர்த்தா, மெட்ரிக்கா?

செட்டிநாட்டில் பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் பதில்: பழைய பிரிட்டிஷ் அங்குல அளவான விட்வொர்த் போல்ட்டையே தேடுங்கள்.

மி.மீ. அளவிலான மெட்ரிக் போல்ட்டு காரைக்குடியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், சரி. ஆனால் 1841-இல் வந்த விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. கால் அங்குல போல்ட்டு 6.35 மி.மீ.; மெட்ரிக்கின் எம் 6 போல்ட்டு ஆறு மி.மீ.தான். உள்ளே போட்டால் ஆடும், இறுக்கினால் மரையைத் தின்றுவிடும். துளையைப் பெரிதாக்கி எம் 8-க்கு டேப் அடித்துப் புது மரை வெட்டலாம்தான், அசல் போய்விடுமே! வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் செய்யுங்கள்.

அப்புறம் ஸ்பேனர். விட்வொர்த்தில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டம், வாயின் அகலம் அல்ல. கால் அங்குல ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ.; மெட்ரிக் ஸ்பேனரில் 13 நுழையாது, 14 நட்டின் முனையை மழுக்கிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விட்வொர்த் ஸ்பேனர் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.