நான்கு அதிகார வேத வாசிப்பு அட்டவணை: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மரே மெக்செயின், 1842-ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபையாருக்காக வகுத்த வேதாகம வாசிப்பு அட்டவணை இது. நாளுக்கு நான்கு அதிகாரம் வாசித்தால் ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறையும் முடியும் என்பது இதைக் கையில் எடுத்த எவருக்கும் தெரியும் என்பதால் அதை விரிக்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதிக்கொண்டு, படுக்கையில் இருக்கும் மாமியாரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஒருத்திக்கு இது எவ்வாறு பயன்பட்டது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஆறாத எரிச்சல் ஒன்றுதான்: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அச்சிட்டிருக்கும் தேதி. ஜனவரியில் குறையொன்றும் தெரிவதில்லை. ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் என்று நான்கு தொடக்கங்கள் முதல் நாளிலேயே ஒன்றாக வந்து நிற்பது எத்தனை ஆண்டு வாசித்தாலும் சலிப்பதில்லை. மார்ச் இறுதியில் லேவியராகமம் தொடங்குகிறது. அதே நாட்களில்தான் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வும், ஆலையில் பருவத்துக்கான ஆயத்த வேலைகளும் சேர்ந்து வருகின்றன. பிறகு பெங்களூரா மாங்காய் வரத்து கூடக்கூட, வீடு திரும்பும் நேரம் இரவுக்குள் தள்ளிப்போகிறது. மூன்று நாள் விட்டால் 12 அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் 28 அதிகாரம் பாக்கி. பாக்கி என்ற நினைப்பு மனத்தில் விழுந்த பிறகு வேதாகமத்தைத் திறக்கக் கை எழுவதில்லை. களைத்துப்போய்க் கர்த்தருடைய சமுகத்தில் வந்து உட்காருகிறவளின் கண்ணில் முதலில் படவேண்டியது அவருடைய இரக்கம். தவறிப்போன தேதிகளின் வரிசை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தக் குறையை மெக்செயினின் மேல் சுமத்துவது நியாயமாகாது. அட்டவணையோடு அவரே இதன் ஆபத்துகளையும் எழுதி வைத்தார்: வெறும் சடங்காகிவிடுதல், சுயநீதி, கவனமின்றி வாசித்தல், சுமக்க முடியாத நுகமாகிவிடுதல். எங்கள் வீடுகளின் நிலையை அறிந்தவர் போல எழுதியிருக்கிறார். இதை வகுத்தவர் அடுத்த மார்ச் மாதமே, 1843-இல், 29 வயதில் காலமானார் என்பதையும் நினைக்கவேண்டும். அந்த முதல் ஆண்டை அவர் தம் சபையாரோடு முழுவதும் வாசித்து முடிக்கவில்லை. அட்டவணையை நகலெடுத்துப் பரப்பியவர்கள் தேதிகளை விடாமல் அச்சிட்டார்கள். எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். என் கைக்கு வந்த தாளிலும் அவை இல்லை.

இதே அட்டவணைதான் வேறு எந்த வாசிப்பு முறையும் தராத ஒரு மகிழ்ச்சியையும் எனக்குத் தந்தது. எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தில் 89 வசனங்கள் இருக்கின்றன. இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்கள் பன்னிரண்டு நாட்களில் காணிக்கை கொண்டுவருகிறார்கள். 130 சேக்கல் நிறையுள்ள வெள்ளித் தாலம், 70 சேக்கல் நிறையுள்ள வெள்ளிக் கலம் என்று முதல் நாள் யூதாவின் நகசோன் கொண்டுவந்ததையே பன்னிரண்டாம் நாள் நப்தலியின் அகீராவும் கொண்டுவருகிறான். ஆயினும் ஒவ்வொருவனுடைய காணிக்கையும், எடை உட்பட, முழுமையாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. நானாகத் தேர்ந்தெடுத்து வாசித்திருந்தால் இந்த அதிகாரத்தைத் தொட்டிருக்க மாட்டேன். பருவம் சூடுபிடிக்கும் நாட்களில் அட்டவணை இதை என் முன் வைக்கிறது. ஆலை வாசலில் ஒரே அளவு காயோடு பத்து டிராக்டர் வந்து நின்றாலும், ஒவ்வொரு விவசாயியின் பெயரிலும் தனித்தனி எடைச்சீட்டு எழுதியாக வேண்டும். முன்னே போனவருக்கும் இதே எடைதான் என்று எழுதிக் கொடுத்தால் எவரும் வாங்கமாட்டார், அது அவர் ஓராண்டு பாடுபட்டு விளைவித்த காய். தேவனுடைய புத்தகத்திலும் எவருடைய காணிக்கையும் "மேற்படி" என்று சுருக்கப்படவில்லை என்பதை அந்த அதிகாரத்தில் கண்டுகொண்ட பின், பருவ காலத்து இரவுகளில் நான் சொல்லும் ஒரே மாதிரியான, சோர்ந்த, குறுகிய ஜெபங்களையும் அவர் தனித்தனியாகவே ஏற்றுக்கொள்கிறார் என்ற நம்பிக்கை எனக்கு உறுதிப்பட்டது. அன்று முதல் இந்த அட்டவணையை முற்றிலும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அதைப் பிரித்துப் பயன்படுத்துகிறேன். மூல அமைப்பில் நான்கு அதிகாரங்களில் இரண்டு குடும்ப ஜெபத்துக்கும் இரண்டு தனி வாசிப்புக்கும் உரியவை. குடும்பத்துக்கு உரிய இரண்டை மட்டும் மாமியாரின் கட்டிலருகே இரவில் வாசிக்கிறோம். ஒன்றைப் பெரியவன் வாசிப்பான், பெயர்களில் அவன் தடுமாறும் இடங்களில் அத்தை திருத்துவார்கள். தனி வாசிப்புக்கு உரியவற்றை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிட்டால் ஈராண்டில் முழுச் சுற்றும் முடிந்துவிடும். இதுவும் இயலாத வாரங்களில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்னும் வினாவிடைக் கையேட்டின் காலை, மாலை ஜெபமுறை போதுமானதாக இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை மிஷனரிகள் 1895-இல் பணி தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி என்பதால், அந்த முறையைத் திடப்படுத்தல் வகுப்பில் (சபையில் முழு உறுப்பினராகும் முன் இளையோர் படிக்கும் வகுப்பு) மனப்பாடம் செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக நாமத்தைச் சொல்லி, விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல்லி, சிறிய ஜெபம் ஒன்றையும் சேர்த்தபின், காலையில் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்றும், இரவில் உடனே நிம்மதியாகத் தூங்கு என்றும் அது கட்டளையிடுகிறது. தூங்கு என்று சொல்லும் பக்திமுறை வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஓசூரில் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் தோழி ஒருத்தி, கைக்குழந்தையோடு ஜெப வாழ்க்கை முற்றிலும் நின்றுபோயிற்று என்று சொல்லி, இந்த அட்டவணையைத் தனக்கும் அனுப்பும்படி கேட்டாள். மேலே சொன்ன நன்மைகள் அனைத்தும் உண்மை, இருந்தும் அனுப்பவில்லை. இரவில் நான்கு முறை எழுந்து பாலூட்டுகிறவளின் கையில் தேதியிட்ட தாளைக் கொடுக்க நான் துணியமாட்டேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஞானோபதேசத்தின் காலை ஜெபத்தையும், முடிந்த அன்று ஒரு சங்கீதத்தையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பிள்ளை இரவு முழுவதும் தூங்கத் தொடங்கிய பிறகு எண்ணாகமத்தை நாங்கள் இருவரும் தொலைபேசியில் சேர்ந்து வாசிப்பதாகப் பேசிக்கொண்டோம். இந்த அட்டவணையைத் தமிழில் அச்சிடுகிறவர்கள் மாதத்தையும் தேதியையும் எடுத்துவிட்டு 1 முதல் 365 வரை எண்களை மட்டும் இட்டு, மெக்செயினின் நான்கு எச்சரிக்கைகளையும் மேலே சேர்த்து வெளியிட்டால், அவளுக்கு முதல் பிரதியை நானே வாங்கிக் கொடுப்பேன்.