டிஸ்க் விலகியவர்கள் வாங்கும் பொருள்கள்: எது உழைக்கிறது, எது மூலையில் கிடக்கிறது

ஸ்கேன் முடிவில் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 (கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் கடைசி இரண்டு டிஸ்க்குகள்) என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலரும் முதலில் வாங்குவது இடுப்பு பெல்ட். உண்மையில் அதற்கு மூன்றாவது இடம் கொடுத்தாலே அதிகம். டிஸ்க் அடிபட்டவரை நாள் முழுக்கப் பாடாய்ப் படுத்துவது இரண்டு வேலைகள்: குனிவது, உட்கார்வது. இவற்றில் ஒன்றையாவது லேசாக்கும் பொருள்தான் முதலில் வீட்டுக்குள் வரவேண்டும். அப்படிப் பார்த்தால் ரீச்சர் என்றும் கிராப்பர் என்றும் விற்கும் பிடிகோல் முந்திக்கொள்கிறது.

பிடிகோல் பெரும்பாலும் 26 அங்குலம், 32 அங்குலம் என இரண்டு நீளங்களில் கிடைக்கும். சராசரி உயரம் உள்ளவர் நிமிர்ந்து நின்றபடி தரையில் கிடப்பதை எடுக்க 32 அங்குலம் வேண்டும். சின்னதை வாங்கினால் கடைசி அரையடிக்கு எப்படியும் குனிய வேண்டியிருக்கும், வாங்கிய நோக்கமே கெட்டுவிடும். பொருளைக் கவ்வும் தாடை 90 டிகிரி திரும்பக்கூடியதா, உள்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கிறதா, நுனியில் காந்தம் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். நடுவில் மடங்கும் மாடல் பைக்குள் அடங்கும், ஆனால் அந்த மடிப்பு மூட்டுதான் முதலில் ஆட்டம் காணும். வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துவதாக இருந்தால் மடங்காத ஒற்றைக் குழாய் போதும்.

இதை வைத்துத் தரையிலிருந்து சாவி எடுப்பதைவிடப் பெரிய உதவி, உடை போடுவது. பேன்ட்டின் இடுப்புப் பட்டையைத் தாடையால் கவ்வித் தரையை நோக்கி இறக்கி, வலிக்கும் காலை முதலில் நுழைத்து, முழங்கால் வரை கோலாலேயே இழுத்துக்கொள்ளலாம். கழற்றும்போது வலிக்கும் கால் கடைசி. காலையில் இந்த முறை இன்னும் அவசியமாகிறது. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன் வெளிச்சுற்றான நார்வளையத்தின் பின்பக்கத்தில் விழும் இழுவை மற்ற நேரத்தைவிடக் கூடுதல். பல் துலக்கும்போதும் வாஷ்பேசின் மேல் கவியாமல், ஒரு கையை அதன் விளிம்பில் ஊன்றி, குவளையில் துப்பிக்கொள்வது நல்லது.

பிடிகோலின் பலவீனம் உள்ளே ஓடும் கம்பி. கனமான பொருளை, அதுவும் ஈரத்துணியைக் கவ்வித் தூக்கினால் கம்பி தளர்ந்து தாடை சரியாக மூடாமல் போகும். ஒரு முழுத் தண்ணீர் பாட்டிலைத் தூக்க அதை நம்பவேண்டாம். தூக்கினாலும் நீட்டிய கையின் நுனியில் தொங்கும் எடை இடுப்பைத்தான் போய்ச் சேரும்.

அடுத்தது இடுப்பு வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் உருளைத் தலையணை, அதாவது லம்பார் ரோல். இதற்குப் பணம் செலவழிக்குமுன் ஒரு குளியல் துண்டை 10 செ.மீ. விட்டத்துக்குச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டுப் பாருங்கள். அது சரிப்பட்டால் அந்த அளவிலேயே வாங்கலாம். உருளை இருக்கவேண்டிய இடம் பேன்ட் பெல்ட் கட்டும் மட்டம். அதற்கு மேலே ஏறினால் விலா எலும்பைத் தள்ளும், இடுப்பு வளைவு அப்படியே சரிந்து கிடக்கும். வைத்ததும் காலில் இறங்கும் வலி கூடினால் உருளை தடிமன் என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள், அப்போதும் கூடினால் எடுத்துவிடுங்கள். எந்த உருளையை வைத்தாலும் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பதற்கு மாற்று கிடையாது.

நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தைகளை இந்தப் பிரச்சினைக்கு விற்பதில் நியாயமே இல்லை. அவை வால் எலும்புக்கும் மூலத்துக்கும் ஆனவை. டிஸ்க்குக்கு அவற்றால் பயன் இல்லை.

இனி பெல்ட். முதுகெலும்பை அது அசையாமல் பூட்டிவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். எல்5-எஸ்1 மட்டத்தில் அசைவை அது பெரிதாகத் தடுப்பதில்லை. வயிற்றைச் சுற்றி அழுத்தம் கொடுக்கிறது, குனியப்போகும் நேரத்தில் விறைத்து நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சியாட்டிக்கா (நரம்பு அழுந்திக் காலில் இறங்கும் வலி) இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடுப்பு வலிக்கு பெல்ட் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. ஆனாலும் நீண்ட பயணத்திலும், நின்றபடி செய்யும் வேலையிலும் ஓரிரு மணி நேரம் போட்டுக்கொள்வதில் குற்றம் காண முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் போடச் சொன்னால் அது வேறு கணக்கு.

பெல்ட் உதவவில்லை என்பவர்களில் பலர் அதைத் தவறாகக் கட்டியிருப்பார்கள். அளவை பேன்ட் சைஸிலிருந்து எடுக்காமல், நின்றபடி தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். பின்பக்கத் தகடுகள் இடுப்பின் உள்வளைவோடு பொருந்த வேண்டும். துவைத்தபின் அவற்றைத் திருப்பிச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கிறது, அப்போது தகட்டின் முனைகள் முதுகில் குத்தும். உட்கார்ந்து கட்டினால் எழுந்ததும் தளர்ந்து மேலே ஏறிவிடும். நின்றோ, படுத்தோ கட்டவேண்டும். முதலில் நடுப்பட்டை, பிறகு பக்கவாட்டு இழுவைப் பட்டைகள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் இல்லையென்றால் வியர்வையில் தடிப்பு வரும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். துவைக்கும்போது தகடுகளை உருவி, வெல்க்ரோவை மூடி, குளிர்ந்த நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். திறந்த வெல்க்ரோவில் நூல்பிசிறு அடைத்தால் பிடிப்பு போய்விடும்.

ஒன்றைப் பொருள்களோடு சேர்த்து எண்ணவே கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது, கட்டுப்பாடின்றிப் போவது, தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது இவற்றில் ஏதாவது வந்தால் பெல்ட்டை இறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கமோடின் மேல் வைக்கும் உயர இருக்கை கடைசியாக நினைவுக்கு வரும், ஆனால் முதல் இரண்டு வாரங்களில் அதன் அருமை தெரியும். 2, 4, 6 அங்குல உயரங்களில் கிடைக்கிறது. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்றே மேலே, பாதம் முழுதும் தரையில் படிந்திருக்கும் உயரம்தான் சரி. பெரும்பாலானோருக்கு 4 அங்குலத்துக்கு மேல் தேவைப்படாது. கால் தொங்கும் அளவுக்கு உயர்த்தினால் முக்குவது கூடும், முக்கினால் டிஸ்க்கில் அழுத்தம் ஏறும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தருவதால் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல. பக்கவாட்டுக் கைப்பிடியும், கமோடோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் உள்ள மாடலையே எடுங்கள். வெறுமனே மேலே உட்காரும் வகை, ஒரு பக்கம் சாய்ந்தால் வழுக்கிவிடும். தாங்கும் எடை பெட்டியில் அச்சிட்டிருக்கும். கிளாம்ப் திருகு தினசரி உபயோகத்தில் தானே தளரும் என்பதால், வாரம் ஒருமுறை வீட்டில் வேறு யாராவது இறுக்கிக் கொடுக்கட்டும், அந்த வேலைக்கும் குனியத்தான் வேண்டும்.