இரண்டு மாத நோட்டீஸ், ஆங்கிலத்தில் மூன்று விதம்

வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். நம்மூரில் அதைப் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதுவது வழக்கம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொன்னதால் வந்த பழக்கம் அது. அந்தத் தாளில் “எ பீரியட் ஆஃப் லெவன் மன்த்ஸ்” என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் கீழே “டூ மன்த்ஸ்’ நோட்டீஸ்” என்று இன்னொரு வரி. அதே தாளைப் பற்றிப் பேசும்போது “லெவன்-மன்த் அக்ரிமென்ட்” என்போம். காலத்தைப் பெயர்ச்சொல்லோடு சேர்க்க ஆங்கிலத்தில் இருக்கும் மூன்று முக்கிய வழிகளும் அந்த ஒரே தாளில் வந்துவிடுகின்றன.

ஒன்று “லெவன்-மன்த்” என்பதன் நடுவில் வரும் சிறு கோடான ஹைஃபன் வழி, இன்னொன்று “மன்த்ஸ்’” என்பதன் மேலே ஒட்டி நிற்கும் குறியான அப்பாஸ்ட்ரஃபி வழி, மூன்றாவது “ஆஃப்” வழி. தமிழில் மூன்றுக்கும் “மாத” என்ற ஒரே சொல் போதும்: பதினொரு மாத ஒப்பந்தம், இரண்டு மாத நோட்டீஸ், மூன்று மாதச் சம்பளம். அதனால்தான் ஆங்கிலத்தில் எங்கே எதைப் போடுவது என்று நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

முதலில் ஹைஃபன். இந்த வழி நமக்குப் புதிதே இல்லை என்பது என் எண்ணம். “ஐந்து ஆண்டுகள் ஆயின” என்கிறோம். ஆனால் 1951இல் இந்தியா தொடங்கியது ஐந்தாண்டுத் திட்டம். “ஐந்தாண்டுகள் திட்டம்” என்று யாராவது சொன்னால் காதில் இடறும். காலம் இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக வந்து உட்கார்ந்ததும் “கள்” உதிர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. தனியாக நின்றால் “ஃபைவ் இயர்ஸ்”, அடையாக வந்தால் “ஃபைவ்-இயர் பிளான்”. அங்கே ஹைஃபன் கட்டும் முடிச்சை இங்கே நம் “த்” கட்டுகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் “ஃபைவ் இயர்ஸ் பிளான்”, “டென் இயர்ஸ் ஓல்ட் பாய்” என்று எழுதுகிறோம். எண் ஒன்றுக்கு மேல் போனால் எஸ் சேர்க்க வேண்டும் என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. தமிழ்க் காதை நம்பியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

பழைய ஆங்கிலத்தில் இரவு, மாதம், ஆண்டு ஆகிய சொற்களுக்கு ஒருமையும் பன்மையும் ஒரே வடிவமாகவே இருந்தன. இரண்டு வாரத்தைக் குறிக்கும் “ஃபோர்ட்நைட்” என்ற சொல் “பதினான்கு இரவு” என்பதன் சுருக்கம்தான். பதினான்கு இருந்தும் அங்கே எஸ் இல்லை.

ஹைஃபனை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். “த்ரீ-மன்த் கோர்ஸஸ்” என்றால் ஒவ்வொரு படிப்பும் மூன்று மாதம். “த்ரீ மன்த்-லாங் கோர்ஸஸ்” என்றால் ஒரு மாதப் படிப்புகள் மூன்று. இது ஏதோ அச்சகத்தாரின் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. கட்டணம் கட்டுகிறவருக்கு இரண்டு மாத வித்தியாசம் இருக்கிறது.

சரி, இவ்வளவு வசதியான வழி இருக்கும்போது அப்பாஸ்ட்ரஃபி எதற்கு? இங்கேதான் நமக்குச் சிக்கல். பின்னால் வரும் பெயரை எண்ண முடியுமா என்று ஆங்கிலம் பார்க்கிறது. தமிழ் அதைப் பார்ப்பதில்லை. கோர்ஸ், பிளான், அக்ரிமென்ட் எல்லாம் ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடியவை. முன்னால் “எ” போடலாம். எனவே ஹைஃபன் ஒத்துவரும். ஆனால் லீவ், வொர்க், ரென்ட், எக்ஸ்பீரியன்ஸ் ஆகியவற்றை இந்தப் பொருளில் எண்ணுவதில்லை. அவற்றுக்கு “த்ரீ வீக்ஸ்’ லீவ்”, “டூ டேஸ்’ வொர்க்”, “டென் மன்த்ஸ்’ ரென்ட்” என்று அப்பாஸ்ட்ரஃபிதான் சரி.

இதில் வேலை விண்ணப்பங்களில் அதிகம் அடிபடுவது எக்ஸ்பீரியன்ஸ். “ஃபைவ் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ்” என்றால் ஐந்து ஆண்டு வேலை பார்த்துத் தேர்ந்த அனுபவம். “எ ஃபைவ்-இயர் எக்ஸ்பீரியன்ஸ்” என்று எழுதினால், ஐந்து ஆண்டுகள் நீடித்த ஏதோ ஒரு நிகழ்வு என்று பொருள் திரும்பிவிடும். தன் உழைப்பைச் சொல்ல வருகிற ஒருவருடைய முதல் வரியே இப்படி வழுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர் தமிழில் “ஐந்தாண்டு அனுபவம்” என்று எவ்வளவு திருத்தமாகச் சொல்லியிருப்பார்!

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். டெஸ்ட் என்பது “ஃபைவ்-டே மேட்ச்”, ஏனென்றால் மேட்சை எண்ணலாம். மூன்றாம் நாள் ஆட்டமோ “தேர்ட் டே’ஸ் பிளே”, ஏனென்றால் பிளேயை அங்கே எண்ணுவதில்லை.

நடை, பயணம் போன்ற சொற்கள் இரண்டு பக்கமும் போகும். “டென் மினிட்ஸ்’ வாக்” என்றும் எழுதலாம், “எ டென்-மினிட் வாக்” என்றும் எழுதலாம். ஆனால் முன்னால் வரும் “எ” யாருக்குச் சொந்தம் என்பது மாறும். “ஆன் அவர்’ஸ் டிரைவ்” என்பதில் அந்த “ஆன்” அவருக்கு, அதாவது மணிக்கு, உரியது. “எ ஒன்-அவர் டிரைவ்” என்பதில் “எ” டிரைவுக்கு உரியது. இதனால்தான் “எ டூ-வீக் ஹாலிடே” சரி, “எ டூ வீக்ஸ்’ ஹாலிடே” தவறு.

ஒரே வகைப் பெயருக்கு இரண்டு வழியும் நிலைத்துவிட்டதைப் போர்களின் பெயர்களில் பார்க்கலாம். 1337இல் தொடங்கி 1453 வரை நீண்டது “ஹண்ட்ரட் இயர்ஸ்’ வார்”. 1756 முதல் 1763 வரை நடந்தது “செவன் இயர்ஸ்’ வார்”. 1760இல் நம் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதும் அதன் ஒரு பகுதிதான். ஆனால் 1967இல் மேற்கு ஆசியாவில் நடந்தது “சிக்ஸ்-டே வார்”. வார் எண்ணக்கூடிய பெயர்தான். விதிப்படி பார்த்தால் முதல் இரண்டும் ஹைஃபனோடு வந்திருக்கலாம். வரவில்லை. பழகிய பெயரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழில் நூறாண்டுப் போர், ஏழாண்டுப் போர், ஆறு நாள் போர் என்று மூன்றும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கின்றன. எனக்கு அது அழகாகப்படுகிறது.

எவ்வளவு காலம் என்பதை விட்டு எந்தக் காலம் என்று சுட்டும்போது போட்டியே இல்லை. நேற்றைய பேப்பர், “யெஸ்டர்டே’ஸ் பேப்பர்”. “நேற்றைய” என்பதில் உள்ள “ஐய” எங்கே வருகிறதோ அங்கே ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரஃபி வரும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைக்காது. கிழமைகளில் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும்: “சண்டே பேப்பர்” என்பது ஞாயிறுதோறும் வரும் ஒரு வகை, “லாஸ்ட் சண்டே’ஸ் பேப்பர்” என்பது போன ஞாயிறு வந்த அந்த ஒரு பேப்பர்.

“ஆஃப்” வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டத் தாளுக்குப் பொருந்தும். காலம் நீளமாக இருந்தாலும் அதுதான் வசதி. இரண்டு மணி நாற்பது நிமிடத் தாமதத்தை ஹைஃபன்களால் கோத்தால் கண் வலிக்கும். “எ டிலே ஆஃப்” என்று தொடங்கி எழுதிவிடலாம். பேச்சில் அது கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும்.

அப்பாஸ்ட்ரஃபிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அது காதில் விழாது. ஒருமையில் எஸ்ஸுக்கு முன்னால் வைத்தாலும், பன்மையில் பின்னால் வைத்தாலும், வைக்காமலே விட்டாலும் “வீக்ஸ்” ஒரே ஒலிதான். 2002இல் ஒரு ஹாலிவுட் படமே “டூ வீக்ஸ் நோட்டீஸ்” என்று குறி இல்லாத தலைப்போடு வெளிவந்தது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இப்போது நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். வாசிப்பவருக்கு அந்த வாரங்களும் நோட்டீஸும் எப்படிச் சேர்கின்றன என்று காட்டுவது அந்தச் சின்னக் குறி ஒன்றுதான்.

ராஜினாமா கடிதம் எழுதும்போது அது எங்கே வரும் என்று சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. நோட்டீஸுக்குப் பின்னால் “பீரியட்” என்று ஒரு சொல்லைச் சேருங்கள். பீரியடை எண்ணலாம். எனவே “மை டூ-மன்த் நோட்டீஸ் பீரியட்” என்று, எஸ்ஸும் இல்லாமல் அப்பாஸ்ட்ரஃபியும் இல்லாமல், ஐந்தாண்டுத் திட்டத்தைப் போலவே எழுதிவிடலாம்.