வேலி போடக் கொடுக்கும் முன் படியுங்கள்: லிங்க்ஸை அடி என்று கணக்கிட்டு 71,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

எஃப்.எம்.பி. என்று சொல்லப்படும், நிலத்தின் எல்லைகளையும் பக்க அளவுகளையும் காட்டும் அரசாங்கத்தின் பழைய புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்துக்கு வேலி போட நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அப்பாவிடமிருந்து ஒரு வேலி ஒப்பந்ததாரர் 71,400 ரூபாயைக் கூடுதலாக வாங்கிச் சென்றிருக்கிறார். அதையும் எதிரில் உட்கார்ந்து, கணக்குப் போட்டுக் காட்டியே வாங்கியிருக்கிறார்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்களுக்கு 1 ஏக்கர் 35 சென்ட் நிலம் இருக்கிறது. வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் ஆள் அமர்த்தித் தரும் ஓர் இணையத் தளத்தின் மூலம்தான் அந்த ஒப்பந்ததாரர் கிடைத்தார். பத்தடிக்கு ஒரு கல்கால், ஐந்தடி உயரக் கம்பிவலை, கூலி உட்பட ரன்னிங் அடிக்கு 140 ரூபாய் என்று பேசி முடித்தோம். நிலத்தின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்ததால் டேப் பிடித்து அளக்க முடியாது என்று சொல்லி, அவர் புலப்படத்தின் நகலைக் கேட்டார். அதைத் தன் வண்டியின் முன்பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் அப்பாவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்: 450, 300, 450, 300. “மொத்தம் 1,500 அடிங்க ஐயா. கவர்மெண்டே அளந்து வெச்சிருக்கு, அதை நாம திரும்ப அளக்கணுங்களா?” என்று அவர் கேட்ட பணிவில்தான் அப்பா நம்பினார். அரசாங்கம் தந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை எழுபத்தெட்டு வயது விவசாயி எப்படிச் சந்தேகிப்பார்? வேலை முடிந்த அன்றே 2,10,000 ரூபாயையும் கொடுத்து முடித்துவிட்டார்.

அந்தப் படத்தில் இருந்தவை அடிகள் அல்ல, லிங்க்ஸ். சென்னை மாகாணக் காலத்து நில அளவை, எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620-ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த சங்கிலியைக் கொண்டு நடந்தது. அந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க்ஸ். ஆகவே ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம், ஓர் அடியில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றே குறைவு. பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர் ஆகிவிடும் என்பதற்காகவே 66 அடி என்ற நீளம் வைக்கப்பட்டது. நில வேலையில் பழகியவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. எங்கள் 1,500 லிங்க்ஸ் என்பது 990 அடி. அதற்கு 1,38,600 ரூபாய்தான் ஆகும். மீதி 71,400 ரூபாய் போடாத வேலிக்குக் கொடுத்த பணம்.

அப்பாவின் நண்பரான ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் வேலியைப் பார்க்க வந்தபோதுதான் இது வெளிப்பட்டது. பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, “பத்தடிக்கு ஒரு கல்லுன்னா 150 கல் எங்கே?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் நூறு கல்தான் இருந்தது. வேலியோரமாகவே டேப் பிடித்தோம். 990 அடிதான் வந்தது.

ஒப்பந்ததாரரை அழைத்தபோது முதலில் “மடிப்பு, வேஸ்டேஜ் எல்லாம் சேர்ந்ததுங்க” என்றார். கல் எண்ணிக்கையைச் சொன்னதும், “படத்துல இருந்த நம்பரைத்தான் போட்டேன், அது தப்புன்னா தாலுகா ஆபீஸ்ல போய்க் கேளுங்க” என்று அழைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு எங்கள் எண்ணை எடுப்பதே இல்லை. படத்தில் தவறு எதுவும் இல்லை, தவறு அவர் போட்ட கணக்கில்தான் என்பதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. இணையத் தளத்தின் வாடிக்கையாளர் சேவையினரோ, தாங்கள் இருவரையும் இணைத்துவைப்பவர்கள் மட்டுமே என்றும், பணம் நேரடியாகக் கைமாறியதால் பொறுப்பேற்க முடியாது என்றும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். கடைசியாக, அடுத்த வேலைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். 71,400 ரூபாய் எங்கே, 500 ரூபாய் எங்கே!

எல்லா அளவுகளையும் விளக்கி எழுதவே உட்கார்ந்தேன், ஆனால் இருக்கும் ஆத்திரத்தில் அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். பழைய படத்தின் எண்ணை 0.66-ஆல் பெருக்கினால் அடி வரும். புதிய படங்களில் மீட்டர் இருக்கும், அதை 3.28-ஆல் பெருக்குங்கள். எந்த அலகு என்று சந்தேகம் வந்தால் பட்டாவின் பரப்போடு ஒப்பிடுங்கள்: ஒரு சென்ட் என்பது 1,000 சதுர லிங்க்ஸ் அல்லது 435.6 சதுர அடி. 450-ஐ 300-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 135 சென்ட் வருகிறது, எனவே அவை லிங்க்ஸ். அடியாக இருந்திருந்தால் 435.6-ஆல் வகுக்க வேண்டும். அப்போது எங்கள் நிலம் 3 ஏக்கர் 10 சென்ட்டுக்கு அருகில் போயிருக்கும். 12 அடி 6 அங்குலத்தை 12.6 என்று பில்லில் எழுத விடாதீர்கள், அது 12.5. போட்டு முடித்த வேலியை நேரில் அளந்த பிறகே மீதிப் பணம் என்று எழுதி வாங்குங்கள்.

பில், புலப்பட நகல், கற்களின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 71,400 ரூபாயையும் திரும்ப வாங்காமல் விடப்போவதில்லை.