நீல நிற ஓபிடி ஸ்கேனர்: பெற்றோல் ஆவிக் கோளாறு பிடிக்க உதவுமா?

ஒன்லைனில் விற்கிற அந்தச் சின்ன நீல நிற ஓபிடி புளூடூத் ஸ்கேனரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சொக்கட்டில் செருகி, போனில் ஒரு ஆப்பைப் போட்டால் எஞ்சின் லைட் ஏன் எரிகிறது என்று கோட் நம்பரை வாசித்துக் காட்டும். நான் வாங்கியது நாலாயிரம் ரூபாவுக்குக் கிட்ட வந்தது, கூரியரில் மட்டக்களப்புக்கே வந்து சேர்ந்தது, பெட்டியில் கம்பனிப் பெயர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். ஆனால் பெற்றோல் ஆவி சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் பாதி வேலையைத்தான் இது செய்யும். மற்றப் பாதியை உங்கள் விரலும் காதும் மூக்கும் செய்ய வேண்டும்.

பெற்றோல் ஆவி என்று எதைச் சொல்கிறேன் என்றால், டாங்கில் இருக்கிற பெற்றோல் சும்மா நிற்கும்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி வெளியே போகாமல் கரி நிரப்பிய ஒரு பெட்டி, கனிஸ்டர் என்பார்கள், அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பேர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். இழுக்கிற அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வர ஒரு வென்ட் குழாய் வேண்டும். அமைப்பு அவ்வளவுதான். கெட்டுப்போனால் கராஜில் கடைசியாகச் சந்தேகப்படுவதும் இதைத்தான், அதனால்தான் இந்த ஸ்கேனருக்கு வேலை வருகிறது.

என்னுடையது பழைய ஜப்பான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தார்கள், திறந்த பிறகு சொல்கிற விலையைக் கேட்டால் இருக்கிற காரையே இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் போல இருக்கிறது, ஆகவே எல்லாரும் பழசைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். இந்தக் காருக்கு ஒரு விசித்திரமான வியாதி. மற்ற நேரம் எல்லாம் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். பெற்றோல் செட்டில் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் மட்டும் இழுத்து இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் பிடிக்கும், பிடித்த பிறகும் கொஞ்சத் தூரம் தள்ளாடும். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களுக்கு இது விளங்குமா? பிறகு எஞ்சின் லைட்டும் வந்துவிட்டது. ஒரு கராஜில் காட்டினேன். பெற்றோல் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பார்க்காமலேயே சொல்லிவிட்டார்கள். பம்ப் போயிருந்தால் நிரப்பின பிறகு மட்டும் ஏன் வர வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஸ்கேனர் காட்டிய கோட் பி0172. கலவையில் பெற்றோல் கூடிவிட்டது என்று அர்த்தம், அதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. கோட்டோடு நின்றிருந்தால் இன்ஜெக்டர், ஒக்சிஜன் சென்சர் என்று ஒவ்வொன்றாகக் காசு கொட்டியிருக்க வேண்டியதுதான். இந்தச் சாமானின் உண்மையான பெறுமதி கோட்டில் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுகிற லைவ் டேட்டாவில் இருக்கிறது. ஆப்பில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று ஷோர்ட் டேர்ம் பியூவல் ட்ரிம், எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதைச் சதவீதத்தில் சொல்வது. மற்றது கமாண்டட் பேர்ஜ், வால்வை எவ்வளவு திறக்கச் சொல்லிக் கணினி கட்டளை போடுகிறது என்பது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள், குளிராக இருக்கும்போது ட்ரிம் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

நிரப்பின கையோடு பார்த்தபோது ட்ரிம் மைனஸ் இருபதைத் தாண்டி நின்றது. எங்கிருந்தோ வரக்கூடாத பெற்றோல் வருகிறது, கணினி தன்னால் இயன்ற மட்டும் குறைக்கிறது. பேர்ஜ் கட்டளையோ பூச்சியம். பொனட்டைத் திறந்து, கனிஸ்டரில் இருந்து பேர்ஜ் வால்வுக்கு வருகிற றப்பர் ஹோஸைத் துணி சுற்றிய குறட்டால் மெதுவாக நசுக்கிப் பிடித்தேன். எஞ்சினின் தள்ளாட்டம் நின்றது, போனில் அந்த மைனஸ் எண் ஒவ்வொன்றாக ஏறி ஐந்துக்குள் வந்து நின்றது. குறட்டை விட்டேன், திரும்ப இறங்கியது. மூடு என்று கணினி சொல்கிறது, வால்வு மூடவில்லை. பம்பும் இல்லை, சென்சரும் இல்லை.

இதில் ஆளைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. மூடாத பேர்ஜ் வால்வு எப்போதும் மைனஸ்தான் காட்டும் என்றில்லை. கனிஸ்டர் நிறைய ஆவி இருந்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் கூடும், ட்ரிம் மைனஸில் போகும். டாங்க் பாதிக்குக் கீழே இறங்கி, நீண்ட தூரம் ஓடி, கரி காய்ந்துவிட்டால் அதே ஓட்டையால் வெறும் காற்று வரும், ட்ரிம் பிளஸில் போகும், வாக்கம் லீக், அதாவது எஞ்சினுக்குள் எங்கிருந்தோ காற்றுக் கசிகிறது என்று யாராவது இன்டேக் கேஸ்கட்டைக் கழற்றிவிடுவார்கள். ஒரே வால்வுதான், ஒரு கிழமை ஒரு கோட், மறு கிழமை எதிர்க்கோட். ஆகவே நிரப்பும் முன்னும் பின்னும் இரண்டு தரம் பார்ப்பது நல்லது.

வால்வைக் கழற்றி உறுதிப்படுத்தவும் பெரிய கருவி வேண்டாம். அது மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டிய சாமான். கையில் எடுத்து ஊதினால் காற்றுப் போகக்கூடாது. 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று அடித்துத் திறக்க வேண்டும். மீற்றரால் அளந்தால் பெரும்பாலானவை இருபது முப்பது ஓமுக்குள் காட்டும், வண்டிக்கு வண்டி மாறும். என்னுடையதை ஊதினால் தாராளமாகக் காற்றுப் போனது, தட்டினபோது உள்ளங்கையில் கறுப்புப் பொடி கொட்டியது. கனிஸ்டரின் உள்வலை கிழிந்து கரித்துணுக்கு வந்து வால்வின் வாயில் சிக்கியிருக்கிறது. அப்படி என்றால் வால்வை மட்டும் மாற்றி வேலை இல்லை, கரி திரும்ப வரும். கனிஸ்டரையும் பார்க்க வேண்டும். ஊதும்போது ஒன்று கவனம், ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள்.

ஸ்கேனரால் முடியாதது எது என்றும் சொல்ல வேண்டும். யூடியூபில் அமெரிக்கக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு முதலில் பெற்றோல் மூடியை மாற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அமெரிக்கக்காரர்களுடைய வண்டி தன் டாங்கில் கசிவு இருக்கிறதா என்று தானே சோதிக்கும், அது அங்கே சட்டம். முதலில் ஒரு மில்லிமீற்றர் ஓட்டைக்குச் சமமான கசிவு, 2000ஆம் ஆண்டு மொடல்களில் இருந்து படிப்படியாக அரை மில்லிமீற்றர். பி0442, பி0455, பி0456 எல்லாம் அந்தச் சோதனையில் வருகிற கோட்கள். ஜப்பானுக்குள் ஓடச் செய்த பல கார்களில் அந்தச் சோதனையே இல்லை, வால்வின் வயர் அறுந்தால் மட்டும் பி0443 என்று சொல்லும். மூடி கழன்று றோட்டில் விழுந்தாலும் அந்த வண்டிகளில் லைட் எரியாது! கோட் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது, பின் சீற்றில் பெற்றோல் மணம் வந்தால் மூக்கை நம்புங்கள்.

அந்த பி0443 பற்றி ஒன்று. நாவலடிப் பக்கம் கடலோரம் வீடுள்ள நண்பரின் காரில் அது வந்தது, வால்வை வாங்கப் புறப்பட்டுவிட்டார். வால்வின் வயர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கிற பின் இரண்டிலும் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. சுரண்டிச் சுத்தம் செய்ததும் கோட் போய்விட்டது.

கசிவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஸ்மோக் மெஷின் உள்ள இடம் தேட வேண்டும். மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை ஹோஸுக்குள் விட்டு எங்கே புகை கிளம்புகிறது என்று பார்ப்பது. அது இல்லாத இடத்தில் டயருக்குக் காற்று அடிக்கிற கொம்பிரஷரை டாங்க் ஹோஸில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள். பெற்றோல் ஆவிக்குள் காற்றை அடைப்பது நெருப்புக்கு அழைப்பு, டாங்கும் வெடிக்கலாம், சென்சரும் போகும்.

வென்ட் அடைப்பும் ஸ்கேனரில் பெரும்பாலும் தெரியாது. செட்டில் நிரப்பும்போது பம்ப் அடிக்கடி டக் டக் என்று நின்றால், மூடியைத் திறக்கும்போது உஸ் என்று பலமாகக் காற்றை உள்ளே இழுத்தால், வென்ட் பக்கம் போய்ப் பாருங்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் வயதான ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், கணினி எல்லாம் தெரியாது, என் காரின் வென்ட் குழாய்க்குள் கம்பியை விட்டு ஒரு குளவிக்கூட்டை மண்ணோடு இழுத்து எடுத்துக் காட்டினார். "மனே, இத உன்ர போன் காட்டிச்சா?" என்று கேட்டார். காட்டவில்லைதான். மார்கழி மழையில் வயல் றோட்டால் ஓடுகிற வண்டிகளுக்குச் சேறும் அதே வேலையைச் செய்யும்.

கரி கெட்டுப்போவதற்கு நம் பழக்கமும் ஒரு காரணம். 2022இல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் கிடைத்ததை வாய்வரை நிரப்பிப் பழகிவிட்டோம். வரிசை போய்விட்டது, "இன்னும் கொஞ்சம் அடிங்க தம்பி, கணக்கு ரவுண்டாகட்டும்" என்பது போகவில்லை. பம்ப் தானாக நின்ற பிறகு அடிக்கிற பெற்றோல் ஆவிக் குழாயால் கனிஸ்டருக்குத் திரவமாகவே போகலாம். கரி நனைந்தால் அதன் கதை முடிந்தது.

இனிச் சாமானைப் பற்றி. ஐபோன்காரர்கள் வாங்கும் முன் கேளுங்கள், பழைய வகைப் புளூடூத் ஸ்கேனர் ஐபோனோடு பேசாது, புளூடூத் 4 அல்லது வைபை உள்ளது வேண்டும். ஈஎல்எம்327 என்று, அதாவது உள்ளே இருக்கிற சிப்பின் பெயரை, மேலே அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல், சிலது நடுவில் தொடர்பு அறுந்து சிணுங்கும், என்னுடையதும் அப்படித்தான். 2008க்கு முந்திய ஜப்பான் வண்டிகள் பலவற்றோடு சேராது, சின்ன 660 சிசி கார் வைத்திருப்பவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். செருகியபடியே விட்டு நாட்கணக்கில் வண்டியை நிறுத்தினால் பட்டரி இறங்கும். கிளியர் பட்டனை அமத்தினால் லைட் அணையும், கோளாறு அப்படியே இருக்கும், வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைக்குப் போகும் முதல்நாள் இரவு அமத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கே சைலன்சர் குழாயில் காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் அளக்கிறார்கள், டாஷ்போட் லைட்டை அல்ல. மூடாத பேர்ஜ் வால்வு அந்த இரண்டையும் கூட்டிவிடக்கூடியது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தொடர்பு அறுகிறதற்கு ஒன்று, ஆப் இலவசமாகக் காட்டாமல் பணம் கேட்கிற இடங்களுக்கு அரை. பேர்ஜ் வால்வை ரீகண்டிஷன் பாட்ஸ் கடையில் பழையதாக வாங்குகிறவர்கள் காசைக் கொடுக்கும் முன் அங்கேயே வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். முதலில் தந்த இரண்டும் காற்று விட்டன, மூன்றாவதைத்தான் வாங்கினேன், கடைக்காரர் முகத்தைச் சுளித்தார், பரவாயில்லை.